தெருவுக்குத் தைத்தவர்: வில்லி ஸ்மித்

மொட்டைமாடிக் கொடிக்கயிறு விவகாரம் ஒருவழியாக முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கயிறு, எண்ணும் எழுதியாகிவிட்டது. இனி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சண்டை வேண்டாம். கயிறுகளை அளக்க நானும் பொருளாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே போனபோது பார்த்த காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு பக்கம் வேட்டி, நைட்டி, பள்ளிச் சீருடை. இன்னொரு பக்கம் முழுக்க இளவட்டங்களின் துணி. இடுப்பில் நாடா கோத்த தொளதொள காட்டன் பேன்ட், இரண்டு பேர் நுழையலாம் போன்ற சட்டை, தோள் இறங்கிய பனியன். அண்ணன் சட்டையைத் தம்பி எடுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று பொருளாளர் சிரித்தார். லிஃப்ட்டில் உங்களில் பலர் பிள்ளைகளிடம் இதையே கொஞ்சம் காரமாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தொளதொளப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் முன்வரிசையில் நிற்பவர்களில் ஒருவர், பல வருஷங்களுக்கு முன்னால் 39 வயதில் இறந்துபோன ஓர் அமெரிக்க இளைஞர். அவர் பெயர் வில்லி ஸ்மித். அவருடைய கம்பெனியின் முதல் உடைகள் தயாரானது நம் நாட்டில்தான்.

பெயரைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு வில்லி என்றால் கண்ணை உருட்டும் மாமியார்தான் ஞாபகம் வரும். பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரோ வில்லி என்ற வேடனின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்று தலபுராணம் சொல்கிறது. அதனால் இந்தப் பெயருள்ள ஒருவரைப் பற்றிப் படிக்க நமக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் குடியிருப்பில் ஒரு பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஃபேஷன் டிசைன் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். அவளுடைய அப்பா என்னிடம் வந்து, தையல் வேலைக்கா இத்தனை லட்சம் என்று கேட்டார். நான் நூல்மில்லின் தரப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். நூலின் நம்பரைச் சொல்லத் தெரியும், முறுக்கைச் சொல்லத் தெரியும், அதை உடுத்துகிறவர்களைப் பற்றி யோசித்ததில்லை. அவருக்குப் பதில் சொல்லத் தேடப்போய்த்தான் இந்த மனிதரைக் கண்டுபிடித்தேன்.

வில்லி ஸ்மித் 1948 பிப்ரவரி 29-ம் தேதி ஃபிலடெல்ஃபியா நகரத்தில் பிறந்தார். நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள். அப்பா இரும்பு வேலை செய்பவர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டவர். பணக்காரக் குடும்பம் இல்லை. ஆனால் உடுத்துவதில் எல்லோருக்கும் ஆசை இருந்த வீடு. பையன் நன்றாகப் படம் போடுவான். தொழிற்கல்விப் பள்ளியில் வணிக ஓவியம் படித்தான், பிறகு அந்த ஊர்க் கலைக் கல்லூரியில் உடை ஓவியம்.

அவனுடைய பாட்டி கிளாடிஸ் புஷ் பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர். நாம் சொல்கிற வீட்டுவேலைதான். வேலை பார்த்த இடத்தின் தொடர்பைப் பிடித்து, நியூயார்க்கில் ஆர்னால்ட் ஸ்காசி என்ற பெரிய உடை வடிவமைப்பாளரிடம் பேரனுக்குப் பயிற்சி வேலை வாங்கிக்கொடுத்தது அந்தப் பாட்டிதான். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசனையில் இருந்துவிட்டேன். நம் வீடுகளுக்குக் காலையில் வேலைக்கு வருகிறவர்கள் அவ்வப்போது பேரன் பேத்திக்கு எங்காவது சொல்லிவிடுங்கள் என்று கேட்பார்கள். நாமும் பார்க்கலாம் என்போம். அத்தோடு சரி.

(ஸ்காசி என்பது என்ன பெயர் என்று பார்த்தால், அவருடைய குடும்பப் பெயரான ஐசக்ஸ் என்பதை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதியது. பிழைப்புக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள்.)

1965-ல் பதினேழு வயதுப் பையன் உதவித்தொகையோடு நியூயார்க்கின் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளிக்குப் போனான். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் சம உரிமைச் சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாக்குரிமைச் சட்டம் வந்ததே அந்த வருஷம். படிப்பு ஒரு பக்கம், ஸ்காசியிடம் வேலை ஒரு பக்கம். ஸ்காசி தைத்தது எலிசபெத் டெய்லர் போன்ற நட்சத்திரங்களுக்கும் கோடீஸ்வரிகளுக்கும். ஒரே ஒருத்திக்காக ஒரே ஓர் உடை, பல நாள் கைவேலை. அந்த வேலையின் நறுக்கையும் அளவையும் வில்லி அங்கே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட கையோடு, இனி இப்படிப்பட்ட உடை தைப்பதில்லை என்ற முடிவுக்கும் வந்தார். அவர் மனம் முழுக்க அந்த மாளிகைக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களின் மேல் இருந்தது.

1967-ல் பார்சன்ஸ் படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்டார். பட்டம் கிடையாது. பெற்றோர்கள் இந்த வரியைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். ஆனால் நடந்தது அதுதான்.

அடுத்த சில வருஷங்கள் சம்பள வேலை. 1969-ல் டிஜிட்ஸ் என்ற இளைஞர் உடை நிறுவனத்துக்குத் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். வயது 21. அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களும் வேலைக்குப் போக ஆரம்பித்த பெண்களும் தங்கள் அம்மாக்களைப் போல உடுத்த மறுத்த காலம் அது. அவர்களுக்காக வரைந்தார், நன்றாக விற்றது. அங்கே அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர் லோரி மாலே என்ற பிரெஞ்சுக்காரப் பெண். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் தங்கை டூக்கியோடு சேர்ந்து சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். நிலைக்கவில்லை. வரையத் தெரிந்தவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை என்ற பழைய கதைதான். நம் பக்கத்தில் எத்தனை பேர் நாலு தையல் மெஷினைப் போட்டு, இரண்டு தீபாவளி பார்த்து, மூன்றாவது தீபாவளிக்கு மெஷினை விற்றிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

1976-ல்தான் கதை திரும்புகிறது. லோரி மாலே அவரைப் பம்பாய்க்கு அழைத்துப் போனார். கையில் பெரிய முதல் இல்லை. சில உடைகள், எல்லாம் பருத்தி, எல்லாம் இந்தியாவிலேயே துணி எடுத்து இந்தியாவிலேயே தைத்துக் கப்பலேற்றுவது என்பது திட்டம். வில்லிவேர் என்று பெயர் வைத்தார்கள். மாலே தலைவர், பணத்தையும் வியாபாரத்தையும் அவர் பார்த்துக்கொண்டார். வில்லி வடிவமைப்பாளர், துணைத் தலைவர். முன்பு இவரிடம் உதவியாளராக இருந்தவர் இப்போது இவருக்கு மேலே. இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசிவரை அந்தக் கூட்டு உடையவில்லை. கூட்டுத் தொழில் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

இந்த இடத்தில் பழைய மில்காரனாகக் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். அந்த வருஷங்களில் அமெரிக்கா முழுக்க பாலியஸ்டர். கசங்காது, சாயம் போகாது, துவைத்துப் போட்டால் கால் மணி நேரத்தில் காயும். ஆனால் வேர்வையைக் குடிக்காது. நம் நாட்டுப் பருத்தி, அதிலும் கைத்தறித் துணி, இதற்கு நேர் எதிர். நூல் ஒரே சீராக இருக்காது, அங்கங்கே முண்டும் முடிச்சும் தெரியும். தரப் பிரிவில் நாங்கள் அந்த முண்டையெல்லாம் குறை என்று எழுதுவோம். துவைக்கத் துவைக்க மெதுவாகும், ஆனால் கசங்கும். அமெரிக்க வியாபாரிகளுக்கு அந்தக் கசங்கல் பெரிய தலைவலி. வில்லிக்கு அதுதான் பிடித்திருந்தது. உடலை இறுக்காமல், கசங்கினாலும் அழகாக விழுகிற மாதிரி துணியைத் தாராளமாக விட்டு வெட்டினார். இறுக்கித் தைத்த உடை கசங்கினால் அழுக்காகத் தெரியும். தொளதொளவென்று தைத்தது கசங்கினால் அது அப்படித்தான் என்று தோன்றும். துணியின் குணத்தை அறிந்து வெட்டுவது என்பது இதுதான் என்று எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் புரிந்தது.

நம் துணிக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பேர் இருந்ததும் உண்மை. அதற்கு முன்பே மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளிடம் பிரபலம். துவைத்தால் சாயம் போகும். அதையே சாயம் கசியும் மெட்ராஸ் என்று பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். நம் ஊர்க் கடையில் சாயம் போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வில்லிவேரின் உடைகளை எப்படி விவரிப்பது? இராணுவக்காரர், கூலி வேலை பார்ப்பவர் போடுகிற கால்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இடுப்பில் சுற்றிக் கட்டுகிற மாதிரி மாற்றுங்கள், கால் பக்கம் அகலமாக்குங்கள். நம் வேட்டியும் பைஜாமாவும் பெற்ற பிள்ளை மாதிரி ஒன்று வரும். அதன்மேல் முழங்கால் அளவில் ஒரு தொளதொள கோட்டு, பெரிய பை வைத்த சட்டை. ஒன்றைப் போன வருஷம் வாங்கியதோடு சேர்த்துப் போட்டாலும் பொருந்த வேண்டும். வீட்டு வாஷிங் மெஷினில் துவைக்கலாம், சலவைக்கடைக்குக் கொடுக்க வேண்டாம். விலை, வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலை. 1978-ல் ஆண்களுக்கும் தைக்க ஆரம்பித்தார்கள். ஒரே பேன்ட்டை அண்ணனும் தங்கையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பது போன்ற வெட்டு. இன்று நம் மாடிக் கயிற்றில் எது பையனுடையது, எது பெண்ணுடையது என்று பொருளாளருக்குப் புரியாமல் போனதும் இதனால்தான்.

ஒவ்வோர் உடையும் முதலில் ஏறியது தங்கை டூக்கியின் உடம்பில். டூக்கி மாடல், பிறகு நடிகை. அண்ணன் வெட்டுவதைத் தங்கை போட்டுப் பார்த்து, நடந்து, உட்கார்ந்து, எழுந்து சொன்ன பிறகுதான் கடைக்குப் போகும். மாலையைத் தான் சூடிக் கிணற்றில் முகம் பார்த்துவிட்டுப் பெருமாளுக்கு அனுப்பியவளின் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூடிக் கொடுப்பதன் அருமை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கடையில் வாங்க முடியாதவர்களுக்காகத் தன் வடிவங்களைத் தாள் அச்சுகளாகவே விற்க அனுமதித்தார். வெட்டும் அளவு அச்சடித்த மெல்லிய தாள், உறையில் போட்டு வரும். துணிமேல் விரித்து, ஊசி குத்தி, கோட்டின்மேல் கத்தரித்தால் போதும். முதலில் பட்டரிக், பிறகு மெக்கால்ஸ் என்ற கம்பெனிகள் அவற்றை வெளியிட்டன. நியூயார்க்கின் பெரிய கடையில் தொங்குகிற அதே பேன்ட்டை, எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு பெண் தன் வீட்டு மெஷினில் இரண்டு கஜம் துணியில் தைத்துக்கொள்ள முடிந்தது. தன் வெட்டை யாரும் திருடிவிடாமல் பூட்டிப் பாதுகாக்காமல் இவர் அதை உறையில் போட்டு விற்றார். தளவாய்புரத்திலும் முகவூரிலும் செட்டியார்பட்டியிலும் நைட்டி தைக்கிறவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு புது மாடல் திங்கள்கிழமை ஒரு வீட்டில் வெட்டப்பட்டால் வியாழக்கிழமை தெரு முழுக்க ஓடும். தாள் அச்சு தேவையே இல்லை.

நைட்டி என்றதும் சிரிக்கிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். அதுவும் தொளதொள பருத்தி உடைதான். எல்லா அளவுக்கும் பொருந்தும், வீட்டில் துவைக்கலாம், விலை குறைவு, போட்டவள் மூச்சுவிடலாம். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நம் பெண்கள் அதைத் தெருமுனைக் கடைவரை கொண்டுபோய்விட்டார்கள். அதைக் கண்டுபிடித்த வடிவமைப்பாளர் யார் என்று யாரும் கேட்பதில்லை. நம் வட்டாரத்துக்கு அது சோறு போடுகிறது.

வில்லிவேர் வளர்ந்தது. 1982-ல் அவர்களுடைய விற்பனைக் கூடத்தை சைட் என்ற கட்டடக் கலைஞர் குழு அமைத்தது. நியூயார்க் தெருக்களில் கிடந்த தீயணைப்புக் குழாய், செங்கல், கம்பிவலை, இரும்புக் குழாய் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, உள்ளே நிறுத்தி, மொத்தத்துக்கும் ஒரே சாம்பல் வர்ணம் அடித்துவிட்டார்கள். கம்பிவலையில் உடைகள் தொங்கின. வாங்க வந்த பெரிய கடைக்காரர்கள் பளிங்குத் தரையை எதிர்பார்த்து வந்து நடைபாதையில் நின்றார்கள். அடுத்த வருஷம் தன் உடைத் தொகுப்பு ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ஸ்ட்ரீட் கூத்தூர். கூத்தூர் என்பது ஸ்காசி போன்றவர்கள் சீமாட்டிகளுக்குத் தைக்கும் உயர்ந்த ரக உடைக்கான பிரெஞ்சுச் சொல். அதைத் தெருவோடு கட்டிப்போட்டார்.

1983-ல் கோட்டி விருது கிடைத்தது. அமெரிக்க உடை உலகத்தில் அப்போது பெரிய விருது அதுதான். பலமுறை பெயர் பரிந்துரைக்கப்பட்டுக் கிடைக்காமல் போய், கடைசியில் வந்தது. 1985-ல் ஆண்கள் உடைக்காகக் கட்டி சார்க் விருது. ஆனால் அந்த வருஷங்களில் அவர் செய்த வேலைகளில் விருதுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சீருடைகள்.

கிறிஸ்டோ, ஜான்-க்ளோட் என்ற கலைஞர் தம்பதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டடங்களையும் பாலங்களையும் துணியால் போர்த்துவது அவர்கள் கலை. 1983 மே மாதம் மயாமிக்குப் பக்கத்தில் கடலில் இருக்கும் 11 தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணியை மிதக்கவிட்டார்கள். இரண்டு வாரம் அப்படியே இருந்தது. 1985-ல் பாரிஸில் பான் நஃப் என்ற பழைய பாலத்தை முழுக்கத் துணியால் சுற்றினார்கள். இந்த இரண்டு வேலையிலும் தண்ணீரிலும் கயிற்றிலும் தொங்கி உழைத்த நூற்றுக்கணக்கான தொழிலாளிகளுக்கு உடை வடிவமைத்தவர் வில்லி. படம் எடுக்க வந்த உலகப் பத்திரிகைகள் போர்த்திய தீவைப் படம் எடுத்தன. அதைப் போர்த்தியவர்கள் மேல் இருந்தது வில்லியின் துணி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் செக்யூரிட்டி அண்ணாச்சிகளுக்குப் போன வருஷம் எடுத்த சீருடை உங்களுக்கு நினைவிருக்கும். விலை மலிவு என்று நாம் எடுத்தது முழு பாலியஸ்டர், அதுவும் கருநீலம். ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் கேட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அடுத்த செயற்குழுவில் இதை நானே எடுத்துப் பேசப்போகிறேன், நூல்காரன் என்ற முறையில்.

1984-ல் அன்றைய இளம் ஓவியர்களை அழைத்துப் பனியன்களில் அச்சடிக்க வைத்தார். கீத் ஹேரிங் அவர்களில் ஒருவர். மியூசியத்துக்குப் போகாதவர்கள் மார்பில் ஓவியத்தைச் சுமந்து திரிந்தார்கள். இன்று இது எல்லாக் கடையிலும் இருக்கிறது, அன்று புதுசு. 1986 ஜூலையில் ஜான் கென்னடியின் மகள் கேரலைனுக்குக் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளைக்கு லினன் கோட்டுத் தைத்தது வில்லி. குழந்தைகளுக்கு ஒரு செய்தி: ஸ்பைடர்மேன் சித்திரக்கதையில் மேரி ஜேனுக்குக் கல்யாணம் நடந்ததே, அந்தக் கல்யாண உடையை வடிவமைத்தவரும் இவர்தான். அந்தக் கதை 1987-ல் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1986-ல் வில்லிவேரின் விற்பனை இரண்டரைக் கோடி டாலர். பத்து வருஷத்துக்கு முன்னால் பம்பாயில் சில உடைகளோடு ஆரம்பித்தது. அதுவரை எந்தக் கறுப்பின வடிவமைப்பாளரும் அமெரிக்காவில் தொடாத உயரம் என்று எழுதுகிறார்கள்.

1987 ஆரம்பத்தில் வழக்கம்போலத் துணி வாங்க இந்தியாவுக்கு வந்தார். திரும்பிப் போனதும் உடம்பு சரியில்லை. ஷிகெல்லா என்ற வயிற்றுக் கிருமி, அதோடு நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏப்ரல் 17-ம் தேதி நியூயார்க்கில் இறந்துபோனார். பரிசோதனையில் எய்ட்ஸ் என்று தெரிந்தது. உடன் இருந்தவர்களுக்கே அது அதிர்ச்சி. அவர் தன்பாலீர்ப்புக் கொண்டவர், அதை மறைத்து வாழ்ந்தவர் இல்லை. ஆனால் அந்த நோய் என்றால் அன்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முந்தின வருஷம் பெர்ரி எல்லிஸ் என்ற இன்னொரு பெரிய வடிவமைப்பாளர் இறந்தபோது எய்ட்ஸ் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படவில்லை. வில்லியின் வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அந்த நோய்க்கு முதல் மருந்தாக ஏ.இஸட்.டி. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது 1987 மார்ச்சில். அவர் சாவதற்கு ஒரு மாதம் முன்னால்.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்தக் கிருமி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது 1986-ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும். வேண்டாம், இங்கே அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னவர்களே அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த ஒருவர், நன்றாகப் பாடுவார், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தார். டீக்கடையில் அவருக்குத் தனிக் கிளாஸ் வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் இறந்த அன்று நான் மாலை வாங்கிக்கொண்டு அவர் தெருவரை போனேன். வாசலில் நாலு பேர்கூட இல்லை. நான் போனால் யார் பார்ப்பார்களோ என்று தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். மாலையை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. வில்லி ஸ்மித்தின் சாவைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தெருமுனைதான்.

1987 அக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வையை விரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்றடிக்கு ஆறடித் துணி, ஒரு குழியின் அளவு. அம்மாக்களும் நண்பர்களும் உட்கார்ந்து பெயரைத் தைத்து, அவர்களுடைய பழைய சட்டையை, ஜீன்ஸை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். அது வருஷாவருஷம் வளர்ந்தது. வில்லிக்கும் அதில் ஒரு துணி உண்டு. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குத் தைத்தவருக்கு மற்றவர்கள் தைத்தது.

கம்பெனி அவர் இல்லாமல் சில காலம் ஓடி, 1990 வாக்கில் நின்றுபோனது. அவர் உடை அமைத்த ஸ்பைக் லீயின் ஸ்கூல் டேஸ் படம் 1988-ல் வந்தது. பிறகு பெயர் மெல்ல மறைந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தெரு உடை என்ற பெயரில் அதே தொளதொளப்பைப் பத்து மடங்கு விலைக்கு விற்றுப் பணக்காரர்கள் ஆனார்கள். மலிவாக விற்றவருடைய உடைகளை எல்லோரும் போட்டுத் தேய்த்துக் கிழித்துவிட்டதால் மியூசியத்துக்குச் சேர்க்கவே சிரமமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கின் கூப்பர் ஹியூயிட் மியூசியம் அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சியை 2020 மார்ச் 13-ம் தேதி திறந்தது. தேதியைப் பாருங்கள். கொரோனா, உடனே கதவை மூட வேண்டியதாயிற்று. அதனால் அவர்கள் படங்களையும் நினைவுகளையும் இணையத்தில் போட்டார்கள். கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், அந்தப் பேன்ட்டை ஒருகாலத்தில் போட்டவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இவ்வளவையும் சொன்னேன். பட்டம் வாங்காதவர் கதையைச் சொல்லியா என் பெண்ணைப் படிக்க வைக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிஃப்ட் கல்லூரி டெல்லியில் 1986-லேயே வந்துவிட்டது, சென்னையில் 1995-லிருந்து இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு, எழுதட்டும் என்று மட்டும் சொன்னேன். யோசிக்கிறேன் என்று போயிருக்கிறார்.

அவள் யோசிக்கவில்லை. இணையத்தில் அந்தச் சுற்றிக் கட்டும் பேன்ட்டின் படத்தைப் பார்த்து, செய்தித்தாளில் அளவு வெட்டி, நான் கொடுத்த மூன்று மீட்டர் காடாத் துணியில் தன் அம்மாவின் மெஷினிலேயே தைத்துக் கொண்டுவந்தாள். இடுப்புப் பட்டி சரியாக வந்திருக்கிறது. கவட்டுப் பக்கம் துணி போதவில்லை, உட்கார்ந்தால் பிடிக்கிறது. பிரித்துவிட்டு மறுபடி வெட்டப்போகிறாள். இன்னும் இரண்டு மீட்டர் காடா கேட்டிருக்கிறாள், சத்திரப்பட்டியில் சொல்லிவைத்திருக்கிறேன்.